ஊன்றுகோலின் கணக்கு

ஊன்றுகோல், காலிப்பர், செயற்கைக் கால், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் மருத்துவ ஆய்வுலகம் 'உதவி உபகரணங்கள்' என்ற ஒரே தலைப்பில் அடக்குகிறது. இவற்றில் ஒன்றாவது தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கு மேல் இருக்கிறார்கள் என்றும், 2050இல் அந்த எண்ணிக்கை 350 கோடியைத் தொடும் என்றும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கை கணிக்கிறது. தேவைப்படுபவர் கையில் உபகரணம் போய்ச் சேரும் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: சில ஏழை நாடுகளில் நூற்றுக்கு 3 பேர், செல்வ நாடுகளில் 90 பேர். இந்த இடைவெளியை அடைக்க யார் எவ்வளவு செலவிடுவது என்று கேட்டவுடன் அளவீடு தொடங்கிவிடுகிறது. பொருளாதாரக் கேள்வியாகத் தொடங்கும் அது, சற்றுத் தூரம் போனதும் சமயக் கேள்வியாகிவிடும். இழப்பு என்று எதைச் சொல்வது? உடம்பு யாருடையது? கொடுப்பவர் பலனை எண்ணிப் பார்க்கலாமா? நடப்பதையே வழிபாடாகக் கொண்ட திருவண்ணாமலையில் இந்தக் கேள்விகளைத் தள்ளிவைக்க முடியாது. மலையைச் சுற்றிய கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்க முடியாதவரும் அதை வலம்வர விரும்புகிறார்.

முதலில் செலவு. சக்கர நாற்காலியின் விலையே அதன் செலவு என்று நினைப்பதுதான் இத்துறையில் பழைய பிழை. உடலுக்கு ஏற்றபடி பொருத்துவது, பழக்குவது, டயரும் பேரிங்கும் மாற்றுவது, வாசற்படிக்குச் சாய்தளம் போடுவது, கழிவறைக் கதவை அகலமாக்குவது என்று அது நீளும். முகாமுக்குப் போய்வரும் பஸ் கட்டணமும், அன்று விட்டுப்போன கூலியும் உண்டு. உபகரணம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று தெரிந்தால்தான் ஆண்டுச் செலவு தெரியும். மலிவான நாற்காலி ஓராண்டில் உடைந்து, விலை கூடியது ஐந்தாண்டு உழைத்தால், மலிவு எது என்ற கேள்விக்குப் பதில் தலைகீழாகும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கும் 5 சதவீத வரி விழுந்தது. நடப்பதற்கே வரியா என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்த்தன. அந்தக் கேள்வியில் ஒரு தத்துவம் இருக்கிறது. காலுடன் பிறந்தவரிடம் காலுக்காக யாரும் வரி கேட்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு பெரும்பாலும் எந்த ரசீதிலும் வராது. அது கூட இருப்பவரின் நேரம். அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கவும், குளிப்பாட்டவும், வெளியே அழைத்துப்போகவும் ஒரு மகள் நாளுக்கு 3 மணி நேரம் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,095 மணி நேரம், ஐந்தாண்டில் 5,475. எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் 684 நாள். சரியான நாற்காலி அதில் பாதியைக் குறைத்தாலும், நாற்காலியின் விலை அந்தக் கணக்கில் சின்ன எண்தான். இத்தாலிய ஆய்வாளர் ரென்ஸோ ஆந்திரிச்சும் உடன்பணியாளர்களும் 1990களில் உருவாக்கிய செலவு ஆய்வு முறையின் அடிப்படை இதுவே. உபகரணம் கொடுத்தால் ஆகும் செலவை மட்டும் பார்க்காமல், கொடுக்காமல் விட்டால் பல ஆண்டுகளில் மனித உழைப்பாக ஆகும் செலவையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். அரசின் கண்ணோட்டத்தில் மகளின் உழைப்புக்குச் செலவு பூஜ்யம். குடும்பத்தின் கண்ணோட்டத்தில் அவளுடைய படிப்பு, வேலை, திருமணம் எல்லாமே அதற்குள் அடக்கம். யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லாத செலவு ஆய்வு, மகளின் உழைப்பை இலவசம் என்று எழுதிவிடுகிறது. கணக்கு சரியாக இருந்தாலும் அது அநியாயம்.

அடுத்தது பலன். செலவுக்கு எதிராக வைக்கும் பலனை அளக்க மருத்துவப் பொருளாதாரம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டுக்கு 1, மரணத்துக்கு 0, இடையில் உள்ள நிலைகளுக்கு இடைப்பட்ட எண். நடக்க முடியாதவரின் ஓராண்டுக்கு 0.6 என்று யாரோ முடிவு செய்தால், அவருடைய பத்தாண்டு வாழ்வு கணக்கில் ஆறாண்டாகச் சுருங்கும். அவர் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சையின் மதிப்பும் சேர்ந்தே சுருங்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இப்படிப்பட்ட மதிப்பெண்களை வைத்து மருத்துவச் செலவுக்கு வரிசை போட்டபோது, உடற்குறை உள்ளவர்களுக்கு அது பாரபட்சமாகும் என்று கூறி மத்திய அரசு 1992இல் அத்திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு அளவுகோலை 1993இல் உலக வங்கியின் வளர்ச்சி அறிக்கை பரப்பியது. அது அளப்பதற்கு 'நோய்ச் சுமை' என்று பெயர். சுமை என்ற சொல்லைத் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருவண்ணாமலையில் ரமண மகரிஷி சொன்னதாக வழங்கும் ஒரு நிகழ்ச்சியில் அந்தச் சொல் வருகிறது. கால் விளங்காத ஒருவர், வீட்டாருக்குப் பாரமாக இருக்கிறோமே என்று மனம் நொந்து ஊரைவிட்டே போக முடிவெடுத்து, போகுமுன் கட்டைகளை ஊன்றி மலையை வலம்வந்தார். வழியில் ஓர் அந்தணர் எதிர்ப்பட்டு, உனக்கு இவை எதற்கு என்று கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார். கோபம் வருமுன்னே கால்கள் நிமிர்ந்துவிட்டதை அவர் கண்டார். அடியார்களுக்கு இது அருணாசலத்தின் அருள். ஆனால் கதையின் முற்பாதியையும் கவனித்துப் படிக்க வேண்டும். ஊரைவிட்டுப் போகத் தூண்டியது கால்வலி அன்று. தன்னை ஒரு செலவாக அவர் எண்ணத் தொடங்கியதே காரணம். கட்டைகளோடு அவர் வலம்வந்துகொண்டுதான் இருந்தார். அற்புதம் நிகழுமுன்பே அவருடைய வழிபாடு குறைபட்டதாக இல்லை.

மனநிறைவு என்ற பொருளில் ஆய்வாளர்கள் ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆல்பிரெக்ட், டெவ்லீகர் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான உடற்குறை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கை நன்றாகவோ மிக நன்றாகவோ இருப்பதாகச் சொன்னார்கள். பிறர் அந்த வாழ்வுக்குப் போடும் மதிப்பெண் அதைவிடக் குறைவு. இதைப் பார்த்தவுடன் வரும் ஆபத்தான முடிவு ஒன்று உண்டு: அவர்களே நிறைவாக இருக்கும்போது உபகரணம் எதற்கு? அமர்த்தியா சென் 1979இல் ஸ்டான்ஃபோர்டில் நிகழ்த்திய சொற்பொழிவில் இதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டார். இன்பத்தின் கூட்டுத்தொகையை மட்டும் அளப்பவர், ஊனமுற்றவருக்கு ஒரு ரூபாயிலிருந்து கிடைக்கும் இன்பம் குறைவு என்று அவருக்கே குறைவாகக் கொடுப்பார். இயல்பிலேயே மகிழ்ச்சியானவர் என்றால் அப்போதும் கொடுக்கமாட்டார். எனவே அளக்க வேண்டியது மகிழ்ச்சியை அன்று, அவரால் எங்கே போக முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்பதை என்றார் சென்.

சமயத்தின் பக்கமிருந்து வரும் மறுப்பு இதைவிட ஆழமானது. உடம்பு 'நான்' அன்று என்றால், உடம்புக்குச் சேர்க்கும் கருவிக்கு இவ்வளவு கணக்கு எதற்கு? அந்தப் போதனையின் ஊரே திருவண்ணாமலைதான். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி அங்கே வந்த ரமணர் 1950 ஏப்ரல் 14இல் உடல் நீத்தார். கடைசி ஆண்டில் இடது கையில் சதைப் புற்று. 1949இல் நான்கு முறை அறுவை நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. உடம்பே ஒரு நோய்தான் என்ற பொருளில் பதில் சொன்னார். ஆனால் அதே ரமணர் முழங்கால் வாதத்தால் கைத்தடி ஊன்றித்தான் பல ஆண்டுகள் நடந்தார். வைத்தியம் செய்ய வந்தவர்களையும் தடுக்கவில்லை. உடம்பின் மீது பற்றில்லாமல் இருப்பதும் கைத்தடி ஊன்றுவதும் அவரிடம் மோதிக்கொள்ளவில்லை. பற்றின்மை ஒருவர் தன் உடம்பைப் பற்றித் தானே மேற்கொள்ள வேண்டிய பயிற்சி. அடுத்தவரின் உடம்பைக் காட்டி அதை உபதேசிப்பது ஞானமாகாது. செலவைத் தட்டிக்கழிக்கும் வழி அது.

அண்ணாமலையார் கோயில் சார்ந்து நிற்கும் சைவ சித்தாந்தம் வேறு வழியாக வருகிறது, அந்த வழி இந்தப் பொருளுக்கு இன்னும் வளமானது. ஆணவ மலத்தின் இருளில் கிடக்கும் உயிர் தானாக எதையும் அறியாது. அதற்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும், அதாவது உடம்பு, உட்கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகியவற்றை மாயையிலிருந்து ஆக்கித் தருகிறான். விடியும் வரை விளக்கு எப்படியோ அப்படி உயிருக்கு இவை என்று 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவம் திருவருட்பயனில் உவமை சொல்கிறார். இதை நேராகப் படித்தால் கண்ணும் காலும்கூட உயிருக்குக் கொடுக்கப்பட்ட உதவி உபகரணங்களே. பிறப்போடு வந்த கால், பட்டறையில் செய்த கால் என்ற வேறுபாடு அங்கே அளவில்தான் இருக்கிறது, வகையில் இல்லை. முதலாவதை அருள் என்றும் இரண்டாவதைச் சலுகை என்றும் பிரிப்பதற்குச் சித்தாந்தத்தில் இடம் காண்பது கடினம்.

வினை என்ற சொல் இங்கே குறுக்கே வரும். முன்வினையால் வந்த ஊனத்தை மனிதன் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்போர் இன்றும் இருக்கிறார்கள். இதற்குப் பெரிய புராணமே விடை தருகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் சுந்தரர் இரு கண்ணும் இழந்தார். இதைவிடத் தெளிவான வினைப்பயன் இருக்க முடியாது. ஆனால் தண்டித்த அதே இறைவன் திருவெண்பாக்கத்தில் அவருக்கு ஊன்றுகோல் கொடுத்தான். காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பிறகுதான் வந்தன. தண்டனை முடியும் வரை ஊன்றுகோல் காத்திருக்கவில்லை. அந்தத் தலத்து இறைவனுக்கு ஊன்றீசுவரர் என்றே பெயர்; பழைய கோயிலிடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போனதால் கோயில் கரைக்கு மாற்றப்பட்டது. தலபுராணம் இன்னொன்றும் சொல்கிறது. கண் கேட்டவர் கோல் கிடைத்த கோபத்தில் அதை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு முறிந்தது என்று. உபகரணங்கள் ஏன் மூலையில் கிடக்கின்றன என்று ஆராய்ந்த ஃபிலிப்ஸ், ஜாவ் இருவரும் 1993இல் கண்டது கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவில் 227 பேரிடம் கேட்டதில், கொடுக்கப்பட்ட கருவிகளில் 29.3 சதவீதம் அடியோடு கைவிடப்பட்டிருந்தன. தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது முதன்மையான காரணங்களில் ஒன்று. கைவிடப்பட்ட கருவியின் செலவு முழுவதும் வீண். 'இத்தனை பேருக்கு வழங்கப்பட்டது' என்று எண்ணி முடிக்கும் அறிக்கையில் அந்த வீண் தெரியாது.

கேட்காமல் செய்வதால் வரும் நட்டத்துக்குச் செயற்கைப் பாதத்தின் வரலாறு நல்ல சான்று. மேலைநாட்டு வடிவம் பூட்ஸுக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. பூட்ஸோடு கோயிலுக்குள் போக முடியாது, சம்மணமிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாது, வயலில் இறங்க முடியாது. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரும் மரமும் கொண்டு உருவாக்கிய பாதம் வெறுங்காலாகவே தரையில் நின்றது, குந்தி உட்கார விட்டது. விலையும் குறைவு. ஆனால் விலை குறைந்ததால் மட்டும் அது வெல்லவில்லை. இறைவன் சந்நிதியில் மற்றவர்களோடு தரையில் உட்காருவது என்ற பலன் எந்த மேலைநாட்டு அளவுகோலிலும் ஒரு வரியாக இல்லை. ஜெய்ப்பூர் பட்டறையில் இருந்தது. 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இன்றும் அதை இலவசமாகத் தருகிறது.

எதிர்த் திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த பால் பிராண்ட், அவர்கள் விரல் இழப்பதற்குக் காரணம் நோயின் அழுகல் அன்று, வலி தெரியாததால் ஏற்படும் காயம் என்று நிறுவினார். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அந்தப் புரிதலின் விளைவு. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கும் இன்று அதுவே பரிந்துரை. கிரிவலம் வெறுங்காலில் வர வேண்டும் என்பது நியமம். மரத்த பாதத்தோடு வெறுங்காலில் 14 கிலோமீட்டர் நடந்தவருக்குக் கொப்புளம் தெரியாது, புண் தெரியாது; தெரியும்போது விரலை எடுக்க வேண்டியிருக்கும். அவருடைய செருப்பு காலணி அன்று, மருந்து. அதைக் கழற்றச் சொல்லும் பக்தி, சக்கர நாற்காலியின் சக்கரத்தைச் செருப்போடு சேர்த்து எண்ணும் பக்தி, இரண்டும் உபகரணத்தின் செலவைக் கூட்டுகின்றன. கோயில் எல்லைக்குள் பயன்படாத உபகரணம் கோயிலூரில் பாதி உபகரணமே.

நேரம் என்ற பலனும் இந்த ஊரில் வேறு பொருள் கொள்கிறது. நகர்வுக் கருவிகளை ஆராய்பவர்கள் எவ்வளவு தூரத்தை எவ்வளவு விரைவாகக் கடக்க முடிகிறது என்று அளக்கிறார்கள். கிரிவலத்துக்கு மரபு சொல்லும் விதியோ, நிறைமாத அரசி நடப்பதுபோல் மெல்ல நடக்க வேண்டும் என்பது. வேகத்தைப் பலனாக எண்ணும் அட்டவணையில், மெதுவாகப் போகும் கைச்சக்கர நாற்காலிக்கு மதிப்பெண் குறையும். வலம்வருபவருக்கு அது குறையே இல்லை. பயன் எது என்பதை இடமும் நோக்கமும் முடிவு செய்கின்றன. அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தால் அளவு தவறும்.

பலனை எண்ணிக் கொடுப்பது தர்மத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பலன் கருதாத செயல் என்று கீதை சொல்வதைப் பற்றி ரமணரிடம் ஒருவர் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் மலையேறினார் என்று அடியார்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வழியில் கிடைத்த முள்மரக் கொம்பை எடுத்து உட்கார்ந்து முள்ளைச் சீவினார், கணுக்களை மழித்தார், சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகேற்றினார். பல மணி நேரம் ஆனது. கோலைத் தொலைத்துவிட்டு முகம் வாடி வந்த ஆட்டுக்காரச் சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டு நடந்தார். கேட்டவருக்கு அதுவே விடை. இதைக் கணக்குக்கு எதிரான கதையாக எடுத்துக்கொள்வது வழக்கம். கூர்ந்து பார்த்தால், அந்தச் சிறுவனின் கையை முள் குத்தாதபடி ஒவ்வொரு கணுவையும் மழித்த கவனம் அதில் இருக்கிறது. கொடுப்பவர் தனக்கு வரும் பலனைத்தான் எண்ணவில்லை; வாங்குபவருக்கு ஆகும் பயனில் குறைவைக்கவே இல்லை. செலவு ஆய்வு எண்ண வேண்டியதும் இந்த இரண்டாவதைத்தான். நன்கொடையாளருக்குக் கிடைக்கும் புண்ணியத்தையோ, மேடையில் சக்கர நாற்காலி வழங்கும் புகைப்படத்தையோ அது எண்ணக் கூடாது.

பயன்படுத்துபவரே வடிவமைப்பாளராகும்போது என்ன நடக்கும் என்பதற்குத் தண்டியடிகள் நாயனார் பழைய சாட்சி. பார்வையற்ற அவர் திருவாரூர்க் குளத்தைத் தூர்வார, குளத்துக்குள் ஒரு முளையும் கரையில் ஒரு முளையும் நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண் சுமந்தார். எதிர்த்தவர்கள் முளையைப் பிடுங்கினார்கள், கயிற்றைப் பறித்தார்கள். பிறகு அவருக்குக் கண் கிடைத்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கயிற்றைத்தான் நினைவில் வைக்க வேண்டும். நம் காலத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய மருத்துவர் கோ. வெங்கடசாமி தன் கைக்கேற்ற கருவிகளை வடிவமைத்துக் கண் அறுவை செய்தார். 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் ஆரோலேப் 1992 முதல் செய்யும் கண்வில்லைகள் அன்றைய இறக்குமதி விலையைப் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தன. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தார். அவர் முயற்சியில் 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவருடைய நாற்காலியின் விலையை ஒரு பக்கமும், அந்த நிலையத்திலிருந்து வீடு திரும்பியவர்களை மறுபக்கமும் வைத்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்று கணக்கு படித்தவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

வருமான வரம்புக்கு உட்பட்ட மாற்றுத்திறனாளிக்கு உதவி உபகரணம் இலவசமாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுக்குக் கடமை விதித்திருக்கிறது. இலவசம் என்று எழுதப்பட்ட அந்த உபகரணத்துக்கு ஒரு குடும்பம் உண்மையில் என்ன கொடுக்கிறது என்று கணக்கெடுக்க வருகிறவர்கள், கொள்முதல் பட்டியலைத் திறக்குமுன் கருவியில் உட்கார்ந்திருப்பவரிடம் நீங்கள் எங்கே போக விரும்பினீர்கள் என்று கேளுங்கள். பிறகு அதைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம், இன்று எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள் என்று கேளுங்கள்.